பிரதிபேதம்: புற்றுநோய் மருந்தில் எது மூலம், எது நகல்?

1

மருந்து விலை பற்றிப் பேச்சு வந்தால் நம் நண்பர்கள் உடனே காப்புரிமை, பன்னாட்டு மூலதனம், உலகமயம் என்று போய்விடுகிறார்கள். போகட்டும், அதெல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்ததும் ‘அது விஞ்ஞானிகள் சமாச்சாரம்’ என்று ஒதுங்கிக்கொள்கிறோம். எதிர்த்தரப்பு வக்கீல் அப்படி ஒதுங்குவதில்லை. மேடும் பள்ளமுமாக ஓடுகிற ஒரு கோட்டுப்படத்தை நீதிமன்றத்தில் விரித்துவைத்து, ‘இதோ பாருங்கள், இவர்கள் மருந்து வேறு, எங்கள் மருந்து வேறு’ என்கிறார். அந்தப் படத்தை வாசிக்கத் தெரியாமல் மருந்து அரசியல் பேசுவது பிரதியைப் படிக்காமல் விமர்சனம் எழுதுவது மாதிரி. இந்தக் கட்டுரை அந்தப் படத்தை வாசிக்கச் செய்யும் ஒரு முயற்சி.

எடுத்துக்கொள்ளும் மருந்து டிராஸ்டுசுமாப். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது பேருக்குக் கட்டியின் செல்கள்மேல் ஹெர்-2 என்ற புரதம் மிதமிஞ்சி இருக்கும். அதைப் பிடித்துக்கொள்கிற எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இது. 1998ல் ‘ஹெர்செப்டின்’ என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜெனன்டெக் கம்பெனியின் தயாரிப்பு, பிற்பாடு ரோஷ் கம்பெனியின் சொத்து. இந்தியாவில் 440 மி.கி. குப்பி ஒன்று ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி விற்றது. வழக்கமான சிகிச்சை மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று ஒரு வருடம். 2014 ஜனவரியில் பெங்களூரின் பயோகான் கம்பெனி ‘கேன்மேப்’ என்று தன் தயாரிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 440 மி.கி. 57,500 ரூபாய், 150 மி.கி. 19,975 ரூபாய். அதாவது பாதி விலைக்குப் பக்கம்.

பாதி விலை என்றால் யாருக்குப் பாதி? 2014-15ல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 167 ரூபாய். பாப்பாரப்பட்டியில் ஒரு பெண் நூறு நாளும் விடாமல் மண் வெட்டினாலும் 16,700. மலிவுப் பதிப்பின் சின்னக் குப்பி ஒன்றைக்கூட அந்த வருடக் கூலியால் வாங்க முடியாது. இங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் போகிற சாலை பயோகான் வளாகத்தைத் தாண்டித்தான் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைப் பக்கம் போகிறது. மருந்து காய்ச்சும் இடத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே நோயாளி போகலாம்.

சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்த சுப்பிரமணிய சிவா 1925ல் இந்தப் பாப்பாரப்பட்டியில்தான் இறந்தார். அந்த நோய்க்குச் சல்ஃபோன் மருந்து கைக்கு வந்ததே 1941ல். அவருக்கு மருந்து இல்லை. இப்போது மருந்து இருக்கிறது, எட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது இயற்கை அல்ல என்பதால்தான் இது அரசியல் கேள்வியாகிறது.

2

பாரசிட்டமால் போன்ற மருந்தைத் தொழிற்சாலையில் வேதிவினை மூலம் செய்கிறார்கள். சின்ன மூலக்கூறு. யார் செய்தாலும் அதே அணுக்கள், அதே அடுக்கு. எதிர்ப்பொருள் அப்படிச் செய்யப்படுவதில்லை. உயிருள்ள செல் அதைச் சுரக்கிறது. 1975ல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் செல்லை உருவாக்கிக் காட்டினார்கள். 1984ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. இன்று பல கோடி டாலர் புரளும் ஒரு தொழிலின் அடித்தளம் இப்படி யாருக்கும் சொந்தமில்லாமல் தொடங்கியது என்பதை நாம் மறக்கக்கூடாது.

டிராஸ்டுசுமாபைச் சுரப்பது சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்த செல்வழி. பெரிய உருக்குக் கலன்களில் ஊட்டக் கரைசலில் வளர்க்கிறார்கள். செல் கட்டித் தரும் புரதம் ஒய் எழுத்து வடிவில் இருக்கும். கனமான சங்கிலி இரண்டு, இலேசான சங்கிலி இரண்டு, ஆக 1,328 அமினோ அமிலங்கள். நிறை சுமார் 1,48,000 டால்டன். பாரசிட்டமாலின் நிறை 151. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிரச்சினையின் அளவு புரிந்துவிடும்.

இவ்வளவு பெரிய பொருளைச் செல் கட்டி முடித்தபின்னும் அது அப்படியே இருப்பதில்லை. கனச் சங்கிலியின் வால்நுனியில் இருக்கும் லைசின் சிலவற்றில் அறுந்துபோகும், சிலவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒய்யின் தண்டுப் பகுதியில் செல் ஒரு சர்க்கரைக் கிளையைச் செருகுகிறது. கிளை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கரைசலில் கிடக்கக் கிடக்க, அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் தன் அமைடு பகுதியை இழந்து அஸ்பார்ட்டிக் அமிலமாகிறது. யாரும் எதுவும் செய்யாமலே, காலம் போவதாலேயே நடக்கிற மாற்றம் இது. புரதத்துக்கு வயசாகிறது என்று சொல்லலாம். இப்படி ஆனால் நிறையில் கூடுவது ஒரே ஒரு டால்டன். 1,48,000ல் ஒன்று! இன்னொரு மாற்றத்தில், அதாவது அஸ்பார்ட்டிக் அமிலம் தன் முதுகெலும்புப் பிணைப்பை இடம் மாற்றிக்கொள்ளும்போது, நிறை கொஞ்சமும் மாறுவதில்லை. வடிவம் மட்டும் கோணிக்கொள்கிறது.

ஆக ஒரு குப்பியில் இருப்பது ‘ஒரு மருந்து’ அல்ல. ஒரே சாயல் கொண்ட ஒரு பெருங்கூட்டம்.

3

இந்தக் கூட்டத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? ஒரு டால்டன் வித்தியாசத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

நம் ஊர்க் களத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. முறம் கையில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியும், புடைத்தால் பதரும் உமியும் பறக்கும், கொழித்தால் கல் ஒதுங்கும், சல்லடையில் போட்டுச் சலித்தால் நொய் கீழே இறங்கும். தானியம் அதேதான். கையின் அசைவு மாறினால் பிரிகிற பொருள் மாறுகிறது. கனத்தை வைத்துப் பிரிப்பது ஒன்று, அளவை வைத்துப் பிரிப்பது இன்னொன்று. புடைத்து முடித்ததும் ‘சுத்தம்’ என்றால், புடைத்தலுக்கு அகப்படுகிற அழுக்கு போயிற்று என்றுதான் அர்த்தம். கல் உள்ளேயே இருக்கலாம்.

குரோமட்டோகிராபி செய்வதும் இதுதான். பிளஸ் ஒன் பாடப்புத்தகம் ‘வண்ணப்பிரிகை முறை’ என்கிறது. வார்சாவில் வேலை பார்த்த ருஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ட்ஸ்வெட், சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றினார். பச்சை, மஞ்சள் என்று பட்டை பட்டையாக நிறங்கள் பிரிந்து இறங்கின. 1906ல் அவர் அதற்குப் பெயர் வைத்தார். தத்துவம் எளிது. ஒரு நிலையான பொருள், அதன் ஊடாக ஓடும் திரவம். கலவையில் எது நிலையான பொருளோடு அதிகம் ஒட்டுகிறதோ அது பின்தங்கும், ஒட்டாதது முந்தும். ஒரு தெருவில் எல்லாரும் ஒரே நேரம் நடக்கத் தொடங்கி, வழியில் தெரிந்தவர் வீட்டில் நின்று நின்று பேசுகிறவர் கடைசியில் வந்து சேர்கிற மாதிரி.

எதிர்ப்பொருள் விஷயத்தில் முதலில் ‘புரோட்டீன் ஏ’ பூசிய குழாய். இது ஒரு பாக்டீரியாவின் சுவரில் உள்ள புரதம். எதிர்ப்பொருளின் தண்டைப் பிடித்துக்கொள்ளும், செல்லின் மற்ற கழிவெல்லாம் ஓடிவிடும். ஆனால் கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசம் அதற்குப் பெரும்பாலும் தெரியாது. அதற்கு வேறு அசைவு வேண்டும். எதிர்மின்னேற்றம் கொண்ட பிசின் மணிகளை நிரப்பிய குழாய் வழியே, மெல்ல மெல்ல உப்பைக் கூட்டிக்கொண்டே கரைசலை விட்டால், நேர்மின்னேற்றம் குறைந்துபோன திரிபுகள் சீக்கிரம் கழன்று வெளியே வரும். நமது வயதாகிப்போன அஸ்பராஜின்கள் இந்த ரகம். ‘அமிலத் திரிபு’ என்று பெயர். நடுவில் பிரதானக் கூட்டம். வால்நுனி லைசினை இழக்காதவை போன்ற ‘காரத் திரிபுகள்’ கடைசியில். நிறையில் ஒன்று கூடினாலும் கூடாவிட்டாலும் மின்னேற்றம் மாறினால் இங்கே பிடிபட்டுவிடும். பல மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தால் அதைப் பார்க்க அளவை வைத்துப் பிரிக்கும் குழாய் தனியாக வேண்டும். சர்க்கரைக் கிளைகளை வெட்டியெடுத்துப் பார்க்க வேறொன்று.

வெளியே வரும் புரதத்தின் அளவை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிடைப்பதுதான் அந்தக் கோட்டுப்படம். நடுவில் ஒரு உயரமான முகடு, இடப்பக்கம் சில குட்டி முகடுகள், வலப்பக்கம் சில. ஹெர்செப்டினைப் போட்டாலும் இப்படித்தான் வரும், கேன்மேப்பைப் போட்டாலும் இப்படித்தான் வரும். ஒற்றை முகடு எதிலும் கிடையாது. 2001ல் ஜெனன்டெக் விஞ்ஞானிகளே தங்கள் மருந்தின் முகடுகளைத் தனித்தனியாகச் சேகரித்து, எது எந்த அமினோ அமிலத்தில் நடந்த மாற்றம் என்று அடையாளம் கண்டு எழுதினார்கள். மூலம் என்று சொல்லப்படுவதே ஒரு கலவை என்று சொன்னது மூலக்காரர்கள்தான்.

4

எழுத்தாளர்களுக்கு இது புதிய விஷயமல்ல. உ.வே. சாமிநாதையர் 1887ல் சிந்தாமணியையும் 1894ல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர்முன் இருந்தது ஒரு மூலம் அல்ல, ஏடுகள். ஒரு ஏட்டில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல், மூன்றாவதில் அந்த இடமே செல்லரித்திருக்கும். அடிக்குறிப்பில் (பி-ம்.) என்று போட்டு ஒவ்வொரு பேதத்தையும் கொடுத்தார். பிரதிபேதம். புலவன் கைப்பட எழுதிய ஓலை எதுவும் நம்மிடம் கிடையாது. நாம் ‘புறநானூறு’ என்று சொல்வது பேதங்களோடு கூடிய ஒரு தொகுதி. அதில் எது பாடத்தில், எது அடிக்குறிப்பில் என்பது பதிப்பாசிரியர் எடுத்த முடிவு.

குப்பிக்குள் இருப்பவையும் பிரதிபேதங்கள்தான். சில செல் என்ற ஏடெழுதுபவர் விட்ட பிழைகள், சில காலம் அரித்தவை. எது பாடம், எது பேதம் என்று முடிவுசெய்யும் பதிப்பாசிரியர் இங்கே யார்? மருந்துக் கட்டுப்பாட்டு உலகில் 1999ல் வந்த ஒரு சர்வதேச வழிகாட்டுதல் இதற்கு விதி சொல்கிறது. மருந்தின் ஆற்றலும் பாதுகாப்பும் கெடாமல் வேலை செய்கிற திரிபு ‘மருந்தோடு தொடர்புடைய பொருள்’. அப்படிச் செய்யாத திரிபு ‘மருந்தோடு தொடர்புடைய மாசு’. பார்த்தால் சின்ன வகைப்பாடு. ஆனால் தூய்மை, தீட்டு என்ற சொற்கள் நம் சமூகத்தில் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த விதியில் ஒரு மூலக்கூறு மாசாவது அதன் பிறப்பினால் அல்ல. அது என்ன செய்கிறது என்பதனால். அமிலத் திரிபு என்பதற்காக ஒன்றை ஒதுக்க முடியாது, சோதித்துப் பார்த்தாக வேண்டும். 2001 ஆய்வில் அப்படித்தான் செய்தார்கள். இலேசான சங்கிலியில் மாறிய சில திரிபுகள் கிட்டத்தட்ட வழக்கம்போல் வேலை செய்தன. கனச் சங்கிலியின் 102ம் இடத்தில் கோணிக்கொண்ட திரிபோ ஆற்றலில் பெரும்பகுதியை இழந்திருந்தது. அந்த இடம் ஹெர்-2ஐப் பிடிக்கும் விரல் நுனி.

5

இதுவரை ஆய்வகம். இனி நீதிமன்றம்.

திரிபுகளை அளக்கத் தெரிந்தவுடன் அந்த அளவையே வேலியாகப் போட முடியும் என்று கண்டுகொண்டார்கள். ஹெர்-2 எதிர்ப்பொருளில் அமிலத் திரிபுகள் சுமார் 25 சதவீதத்துக்குக் கீழே உள்ள கலவை தன் கண்டுபிடிப்பு என்று ஜெனன்டெக் தனியாகக் காப்புரிமை வாங்கியது. கவனியுங்கள். மருந்துக்குக் காப்புரிமை ஏற்கெனவே உண்டு. இது மருந்தைக் கொழித்ததற்கு. மூலக் காப்புரிமை முடிந்தாலும் கொழித்ததற்கான காப்புரிமை ஓடிக்கொண்டிருக்கும். ஹோஸ்பிரா என்ற கம்பெனி வழக்குப் போட்டு, 2014 ஏப்ரலில் இங்கிலாந்து நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. குழாயில் விட்டுச் சுத்தப்படுத்துவது அந்தத் துறையில் எவரும் செய்யக்கூடியது என்பதே அடிப்படை.

நம் சட்டத்தில் இதற்கு ஒரு முன்னேற்பாடு இருக்கிறது. 2005ல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. தெரிந்த பொருளின் உப்பு, படிக வடிவம், தூய வடிவம், ஐசோமர், ஐசோமர்களின் கலவை எல்லாம், குணமளிக்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டாதவரை, அதே பொருள்தான் என்கிறது அது. ‘தூய வடிவம்’ என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தப் பிரிவின் சண்டை நம் ஊரில் நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று போட்ட மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1ல் உச்சநீதிமன்றத்திலும் நோவார்ட்டிஸ் தோற்றது. அதே 2013 ஆகஸ்டில் ரோஷ் தன் ஹெர்செப்டின் காப்புரிமையை இந்தியாவில் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. மலிவு விலை டிராஸ்டுசுமாப் கேட்டு நடந்த இயக்கங்களின் பங்கு அதற்குப் பின்னால் உண்டு.

ஆனால் சண்டை முடியவில்லை, இடம் மாறியது. 2014ல் ரோஷ் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. கேன்மேப்பும், பயோகானின் கூட்டாளி மைலான் விற்ற வடிவமும் வழிகாட்டு நெறிகளின்படி முறையாகச் சோதிக்கப்படவில்லை, அதனால் அவை தம்மை ‘ஒத்த உயிரிமருந்து’ என்று சொல்லிக்கொள்ளக்கூடாது என்பது வாதம். 2016 ஏப்ரல் தீர்ப்பு பெருமளவு ரோஷ் பக்கம் சாய்ந்தது, பிறகு மேல்முறையீடு. 2017ல் பயோகானும் மைலானும் கொடுத்த புகாரின்பேரில், ரோஷ் தன் சந்தை வலிமையைத் தவறாகப் பயன்படுத்தியதா என்று விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது.

இரண்டு வாதத்தையும் சேர்த்துப் படித்தால் ஒரு விநோதம் தெரியும். காப்புரிமை அலுவலகத்தில் மூலக் கம்பெனி சொல்கிறது: ‘எங்கள் மருந்தில் இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு புதிய பொருள்.’ கட்டுப்பாட்டு அலுவலகத்தில் தன் தொழிற்சாலை முறையை மாற்றும்போது சொல்கிறது: ‘இந்தச் சின்ன வித்தியாசம் ஒன்றுமில்லை, அதே மருந்துதான்.’ போட்டிக் கம்பெனி வந்ததும்: ‘இந்தச் சின்ன வித்தியாசம் ஆபத்தானது, அதே மருந்தல்ல.’ ஒரே அளவு வித்தியாசம் மூன்று இடத்தில் மூன்று அர்த்தம் கொள்கிறது. வித்தியாசத்தைக் கருவி காட்டும். அது கணக்கில் வருமா வராதா என்பதைச் சொல்வது கருவி அல்ல.

நகல் தயாரிப்பவர் மட்டும் யோக்கியரா? அவருக்கும் இதே மாதிரி ஒரு சௌகரியம் உண்டு. அவர் எல்லா வித்தியாசத்தையும் ‘ஒன்றுமில்லை’ பெட்டியில் போட விரும்புகிறார். உள்ளூர்க் கம்பெனி என்பதற்காக நாம் அதற்குத் தலையாட்டினால், சுதேசி என்ற சொல்லை அவர்களுக்குச் சும்மா எழுதிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

6

இந்த இடத்தில் நம் பின்நவீனத்துவ நண்பர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். ‘ஆக மூலமும் இல்லை நகலும் இல்லை, எல்லாம் பேதங்களின் விளையாட்டு, அர்த்தத்தை அதிகாரம் நிர்ணயிக்கிறது. அவ்வளவுதானே?’ பாதிவரை சரி. மீதிப் பாதியில்தான் நோயாளி இருக்கிறார்.

தண்டில் உள்ள சர்க்கரைக் கிளையில் ஃபியூகோஸ் என்ற ஒரு சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, நம் உடலின் கொல்லும் செல்கள் அந்த எதிர்ப்பொருளைப் பிடிக்கும் வலு பல மடங்கு மாறுகிறது. ஃபியூகோஸ் இல்லாத மூலக்கூறு குப்பியில் கொஞ்சமே இருக்கும், ஆனால் வேலையில் அதன் பங்கு பெரிது. இங்கே பேதம் சொல் விளையாட்டல்ல. 2017ல் சாம்சங் பயோஎபிஸ் விஞ்ஞானிகள் கடைகளில் கிடைத்த ஹெர்செப்டின் குப்பிகளைத் தொகுதி தொகுதியாகப் போட்டுப் பார்த்து எழுதினார்கள். 2018 ஆகஸ்டிலிருந்து 2019 டிசம்பர்வரை காலாவதித் தேதி இட்ட சில தொகுதிகளில் இந்த ஃபியூகோஸ் இல்லாத பகுதியும், செல்லைக் கொல்லும் ஆற்றலும் குறைந்திருந்தன. மருந்தின் பெயர் மாறவில்லை, பெட்டி மாறவில்லை. அந்தக் குப்பிகளைப் பெற்ற நோயாளிகள் மூன்றாண்டு முடிவில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்ததாக அந்தக் கம்பெனியின் சோதனையைத் தொடர்ந்த ஆய்வு காட்டியது. 2011லேயே சாண்டோஸ் விஞ்ஞானிகள் வேறு மூன்று பிரபல மூல மருந்துகளில் இதுபோன்ற நகர்வுகளைக் காட்டியிருந்தார்கள்.

இரண்டு விஷயம் இதில் உண்டு. மூலம் என்பது நின்ற இடத்தில் நிற்கும் பொருளல்ல. அதுவும் நகர்கிறது, சில சமயம் நோயாளிக்குப் பாதகமாக நகர்கிறது. இரண்டாவது, இதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னவர்கள் அதே மருந்தின் நகலை விற்கப்போகும் போட்டியாளர்கள். அவர்களுக்கு லாபம் இருந்தது, சொன்னார்கள். லாபமில்லாத இடத்தில் யார் சொல்வது?

பயோகான்-மைலான் மருந்துக்கு வருவோம். பல நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 2017ல் வெளியானது. 24 வார முடிவில் கட்டி சுருங்கியவர்கள் புதிய மருந்தில் 69.6 சதவீதம், ஹெர்செப்டினில் 64.0 சதவீதம். வகுத்திருந்த எல்லைக்குள் இரண்டும் சமம். அந்த டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தது. அதாவது அந்த மருந்து தேறியது. தேறியதற்கான சான்று உலகுக்கு முழுதாகத் தெரிந்தது இந்தியாவில் விற்பனைக்கு வந்து மூன்று வருடம் கழித்து. முதல் மூன்று வருடம் அதை ஏற்றிக்கொண்ட பெண்கள் எதை நம்பி ஏற்றிக்கொண்டார்கள்? இந்தக் கேள்வியை ரோஷ் கேட்டது தன் சந்தைக்காக. நாம் கேட்க வேண்டியது அவர்களுக்காக. கேள்வியை ரோஷிடம் விட்டுவைத்ததுதான் நம் இயக்கங்களின் குறை.

7

அப்படின்னா என்ன கேட்பது?

‘மூலம் போலவே அச்சு அசலாக இருக்க வேண்டும்’ என்று கேட்க வேண்டாம். அப்படி ஒன்று கிடையாது. அந்தக் கோரிக்கை விலையைத்தான் ஏற்றும். ‘விலை குறைந்தால் போதும்’ என்றும் கேட்க வேண்டாம். பேதங்களை அடிக்குறிப்பில் போடு என்று கேட்போம். ஐரோப்பிய மருந்து முகமை ஒரு மருந்தை அனுமதிக்கும்போது தன் மதிப்பீட்டு அறிக்கையை வெளியிடுகிறது. நம் நாட்டில் 2012ல் வந்து 2016ல் திருத்தப்பட்ட ஒத்த உயிரிமருந்து நெறிகள் ஒப்பீட்டுத் தரவுகளைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குகின்றன. பொதுமக்கள் கண்ணுக்கு வருவது மிகச் சொற்பம். முகடுகளின் படமும் சர்க்கரைக் கிளைகளின் கணக்கும் வெளிவரட்டும். நகல் மருந்துக்கு மட்டுமல்ல, மூல மருந்துக்கும், தொகுதி தொகுதியாக.

இதைச் சோதிக்கப் பொது ஆய்வகம் வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான யோசனையல்ல. 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் மருந்தைத் தொகுதிவாரியாக ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்துப் பார்த்துத்தான் விநியோகிக்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன ஏற்பாடு. மாத்திரைக்குச் செய்வதை எதிர்ப்பொருளுக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் கோரிக்கை. டிராஸ்டுசுமாப் 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அத்தியாவசியம் என்று எழுதியான பிறகு அதன் உள்ளடக்கம் மட்டும் வியாபார ரகசியம் என்பது பொருந்தாத பேச்சு.

படத்தை வாசிக்க ஆள் வேண்டாமா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். மைப் பொட்டு வைத்த வடிதாளின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, நீலமும் சிவப்புமாக அது பிரிந்து ஏறுவதைப் பள்ளியிலேயே பார்த்த பிள்ளைகள். அவர்களில் வேதியியல் படித்துவிட்டு ஓசூர், பெங்களூர் மருந்துக் கம்பெனிகளில் மாதச் சம்பளத்துக்கு இதே முகடுகளை ஷிஃப்ட் போட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. கம்பெனிக்காக எண்ணத் தெரிந்தவர்களால் ஊருக்காகவும் எண்ண முடியும். அவர்களை நம் கூட்டங்களுக்கு அழைத்து, கையில் ஒரு படத்தைக் கொடுத்து, ‘இதில் எந்த முகடு எங்களைப் பாதிக்கும், சொல்லு தம்பி’ என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம்.